விரட்டுகிற வேலை

மகளே,

நீ நலமாக இருக்கிறாய் என்பதை உன் அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். என் போனை எடுக்காத மகளின் நலத்தை வேறு யாரிடம் போய்க் கேட்பது? அவள் உன்னோடு பேசிக்கொண்டிருந்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். "அப்பா இருக்காரா?" என்று நீ கேட்டது என் காதில் விழுந்தது. அவள் கொஞ்சமும் கூசாமல், "கொல்லைக்குப் போயிருக்காரு" என்றாள். பொய் இந்த வீட்டில் எவ்வளவு சுலபமாக வருகிறது பார். என் பொய்மேல் மட்டும் உனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. அவள் சொன்னது உன்னைச் சமாதானப்படுத்த. நான் சொன்னது என்னைச் சமாதானப்படுத்த.

மத்தியானத்திலிருந்து இந்தக் கடிதத்தோடு உட்கார்வதும் எழுவதுமாக இருக்கிறேன். கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் வைத்தேன், வைத்ததையே மறந்து மறுபடியும் வைத்தேன். செஞ்சிப் பக்கம் மேகம் கட்டியிருக்கிறது. இந்த மழை விழுந்தால் மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகக் கிடக்கிற கடலைக் கம்பளிப்புழு எல்லாம் அந்துப்பூச்சியாகிக் கிளம்பும் என்று நீதான் எனக்குச் சொன்னாய். ஆக உனக்கும் திண்டிவனத்தில் வேலை மும்முரமாக இருக்கும். பொழுது சாய்வதற்குள் சாப்பிட வேண்டும், அதற்குள் இதை முடித்துத் திண்டிவனம் போகிற கடைசி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்ப வேண்டும். உன் அம்மா இப்போதே தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கிறாள். பார்க்கட்டும். யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். இதில் மறைக்க ஒன்றுமில்லை, மறைத்ததால் வந்த வினைதான் எல்லாம்.

நடந்தது உனக்குத் தெரியும், ஆனாலும் என் வாயால் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். விழுப்புரம் மண்டபத்தில் நம் சொந்தக்காரர் வீட்டு விசேஷம். பந்தியில் எனக்கு எதிரே உனக்குப் பேசிக்கொண்டிருக்கிற பையனின் அம்மா உட்கார்ந்திருந்தார். அவர் எப்படிப்பட்டவர் என்று ஊருக்கே தெரியும். மழைக்காலம் பிறந்தால் கீரைக்கட்டைத் தொடமாட்டார், இலைக்குள் புழு இருக்குமே என்று. தண்ணீரை வடிகட்டிய துணியைக்கூட உதறிப் போடாமல் கிணற்றடியிலேயே அலசி, அதில் இருக்கிற உயிரை அது வந்த தண்ணீருக்கே திருப்பி விடுகிறவர். நாமும் சமணர்தான், நயினார் வீட்டார்தான். ஆனால் அவரோடு ஒப்பிட்டால் நாம் பெயருக்கு. அவர் கேட்டார்:

"பொண்ணு என்னா வேல பாக்குதுண்ணா?"

"திண்டிவனத்துல இயற்கை விவசாய ஆராய்ச்சிங்கம்மா. மல்லாட்டைல வர்ற பூச்சி சம்பந்தமா."

"பூச்சின்னா? மருந்து அடிக்கிறதா?"

"ஐயய்யோ, மருந்தே கெடையாதுங்க. விளக்கு வச்சி பூச்சிய அந்தாண்ட விரட்டுறதுங்க."

அவர் முகம் மலர்ந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். "அட, உயிரக் கொல்லாம ஒரு படிப்பா!" என்றார். இலையில் எனக்கு இன்னொரு இனிப்பு வைக்கச் சொன்னார். அதையும் வெட்கமில்லாமல் சாப்பிட்டேன்.

விளக்கு விரட்டாது, அழைக்கும். இது எனக்குத் தெரியாதா? விளக்கு வைத்தபின் ஒரு பருக்கையும் வாயில் போடாத குடும்பத்தில் பிறந்தவன் நான். வெளிச்சத்துக்கு வருகிற பூச்சி சோற்றில் விழும், தெரியாமல் அதை மென்றுவிடுவோம் என்றுதானே வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டுக் கை கழுவிவிடுகிறோம்? அந்த விளக்கையே கொல்லையில் பயிர் நடுவில் ஏற்றி, அடியில் சோப்புத் தண்ணீர் வைத்து, வா வா என்று கூப்பிடுகிற வேலை என் மகளுக்கு. இதை எப்படியம்மா நான் ஒரு பந்தியில், அதுவும் அந்த அம்மாள் எதிரில் சொல்வேன்? "விரட்டுறது" என்ற வார்த்தை வாயில் தயாராக இருந்தது. வேப்பங்கொட்டைக் கரைசலைப் பூச்சிவிரட்டி என்று சொல்கிறார்கள் இல்லையா, அந்த வார்த்தையை எடுத்து இதற்கும் ஒட்டிவிட்டேன்.

நம் வீட்டில் எப்போதும் வார்த்தை பார்த்துத்தான் பேசுவோம். காயை வெட்டு என்று சொல்லமாட்டோம், திருத்து என்போம். விளக்கை அணை என்றால் உன் அம்மாவுக்குக் கோபம் வரும், குளிரவை என்று சொல்ல வேண்டும். நல்ல பழக்கந்தான். நாக்கில் வன்முறை வந்தால் கையிலும் வரும் என்று பெரியவர்கள் நினைத்திருப்பார்கள். ஆனால் நான் அந்தப் பழக்கத்தை வேறு விதமாகக் கற்றுக்கொண்டேன். வார்த்தை சுத்தமாக இருந்தால் போதும், கையைப் பார்க்க வேண்டியதில்லை என்று.

நம் மாடு செவலையை நினைத்துக்கொள்கிறேன். நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். அந்த வருஷம் கம்பளிப்புழு படையெடுத்து வந்தது. வரப்பு வரப்பாக, கொல்லை கொல்லையாக, பச்சையை மென்றுகொண்டு நகர்ந்தது. சுற்றிலும் எல்லாரும் மருந்து அடித்தார்கள். நான் அடிக்கமாட்டேன் என்றேன். ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். அப்புறம் என்ன செய்தேன்? கொல்லையை ஏழுமலைக்கு வாரத்துக்கு விட்டேன். பயிரை அவர் பார்த்துக்கொள்வார், விளைச்சலில் பாதி நமக்கு. அவர் வந்து தயங்கித் தயங்கி, "புழு ரொம்ப பேஜாரு பண்ணுது நயினாரே, அடிக்கட்டுமா?" என்று கேட்டபோது நான் சொன்ன பதில் உனக்கு மனப்பாடம். "என்னமோ பண்ணிக்கோ ஏழுமல, என்னாண்ட மட்டும் சொல்லாத."

அவர் அடித்தார். அறுவடை நெருங்கியும் அடித்தார். மல்லாட்டை பிடுங்கிய பிறகு கடலைக்கொடியிலும் நமக்குப் பாதி வந்தது. பச்சை மணத்தோடு வந்த கொடியை நான்தான் அள்ளிச் செவலைக்குப் போட்டேன். சாயங்காலத்துக்குள் அது நடுங்கியது, வாயில் நுரை தள்ளியது, கால் மடங்கி விழுந்தது. மாட்டு டாக்டர் வந்து ஊசி போட்டும் நிற்கவில்லை. அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு நீ கேட்டாய், "யாருப்பா மருந்து அடிச்சது?" நான் ஏழுமலையைக் காட்டினேன். அவர் மறுக்கவில்லை. "நான்தான் பாப்பா அடிச்சேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அவர் அடிக்கட்டுமா என்று கேட்க வந்த அன்று நீ வாசலில் நின்று நான் அவரிடம் பேசியதைக் கேட்டவள். என்னை ஒரு பார்வை பார்த்தாய். மாடு போன துக்கத்தை விட அந்தப் பார்வை எனக்குப் பெரிய தண்டனை.

பூச்சியைப் படிக்கப் போகிறேன் என்று நீ சொன்னபோது எதிர்த்தேன். வயசுப் பெண் நெல்லையோ நிலக்கடலையையோ படிக்கக் கூடாதா, கொல்கிற படிப்பா என்று கத்தினேன். படித்து முடித்துத் திண்டிவனத்தில் அந்த இயற்கைப் பண்ணையில் சேர்ந்தபோது கொஞ்சம் நிம்மதி வந்தது. மருந்து கிடையாது அல்லவா? அங்கே ஆய்வுக் கொல்லையில் பிடுங்கிய கொடி முழுவதும் மாடுகளுக்குத்தான் போகிறது. மாட்டின் காதுமடலைப் புரட்டி நீயே உண்ணி பிடுங்குகிறாய், எது நொண்டுகிறது, எதற்கு மூக்கணாங்கயிறு புண்ணாகியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கிறாய். புழுவைத் தன் பக்கம் இழுக்க வரப்பில் ஆமணக்கு வைத்ததையும், குருவி உட்காரக் குச்சி நட்டதையும் பார்த்துவிட்டு நான் வீட்டுக்கு வந்து பெருமை பேசினேன். உன் அம்மா சும்மா இருப்பாளா? "குச்சி நட்டு வச்சது நம்ம பொண்ணு, புழுவத் தின்றது குருவி. அப்போ பாவம் குருவிக்கா, குச்சிக்காங்க?" என்று கேட்டாள். நான் பேப்பர் படிப்பதுபோல் இருந்துவிட்டேன்.

போன வருஷம் பொங்கலுக்கு வந்தபோது விளக்குப் பொறியைப் பற்றி எங்கள் இருவருக்கும் உட்காரவைத்துச் சொன்னாய். தொட்டிமேல் சுவர்போலச் சுற்றி வைக்கிற சல்லடையைக் காட்டினாய். பயிருக்கு நல்லது செய்கிற சின்னக் குளவியும் பொறிவண்டும் அதன் கண் வழியாக ஏறித் தப்பிவிடும், பெரிய அந்துப்பூச்சி மட்டும் உள்ளே தங்கித் தண்ணீரில் விழும் என்றாய். "நம்ம தண்ணி வடிகட்டுற துணி மாதிரியே கீதே" என்றாள் அம்மா. நீ சிரித்தாய். பிறகு நீ சொன்னது எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது. "விடிய விடிய வெளக்கு எரிஞ்சா வேண்டாததெல்லாம் வந்து சாவுதுப்பா. அந்துப்பூச்சி வர்ற நேரத்துக்கு மட்டும் எரிஞ்சா போதும். எந்த நேரம், எந்த வெளிச்சம்னு அதத்தான் பாத்துக்கினு இருக்கேன். சாவுறது கொறையணும். சாவே இல்லாம மல்லாட்ட வராதுப்பா."

அந்தக் கடைசி வாக்கியத்தோடு நான் எழுந்து போய்விட்டேன். அன்றிலிருந்து அது என்னைச் சும்மா விடவில்லை. ஏர் ஓட்டும்போது அதுதான், களை பிடுங்கும்போது அதுதான். மண்ணைப் புரட்டினாலே எத்தனை உயிர் போகிறது, அதை நான் எண்ணியதுண்டா? உழவு நமக்கு விதிக்கப்பட்ட தொழில், தெரியாமல் நடப்பது பாவமாகாது என்று நமக்குச் சமாதானம் இருக்கிறது. சரி. ஆனால் தெரிந்தபிறகு? நீ தெரிந்தே செய்கிறாய், அதனால் உனக்குப் பாவம் அதிகம் என்று ஒரு நாள் நினைப்பேன். நீ தெரிந்து செய்வதால்தான் குறைக்க முடிகிறது, தெரியாமலே இருந்த நான் செவலையைக் கொன்றேன் என்று மறுநாள் நினைப்பேன். இன்றுவரை எந்தப் பக்கம் என்று முடிவாகவில்லை. முடிவாகிவிட்டது என்று இந்தக் கடிதத்தில் எழுதினால் அது இன்னொரு பொய்.

இதற்கு நடுவில்தான் சம்பந்தம் கூடி வந்தது. பையன் நல்லவன். உன் வேலை என்னவென்று அவனிடம் நீ முழுக்கச் சொல்லிவிட்டாய். "அம்மாகிட்ட மெதுவா சொல்லிக்கலாம்" என்றானாம். அவனும் நம்ம ஜாதிதான் போலிருக்கிறது, நான் சொல்வது என்னைப்போல வழவழா ஜாதி. ஆனால் அவனோடு பேசிவிட்டு வந்த அன்று நீ வீட்டுக்குள் பாட்டுப் பாடிக்கொண்டு நடந்ததை நான் பார்த்தேன். இந்த இடம் தட்டிப்போகக் கூடாது என்று அன்றே மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். போன வாரம் அந்த அம்மாள் உனக்கே போன் பண்ணி, "உயிரக் கொல்லாம பூச்சிய ஓட்றியாமே, உங்கப்பா சொன்னாரு. ஞாயித்துக்கிழம வெளக்கு வைக்கிற நேரத்துக்கு வர்றோம், கண்ணால பாத்துட்டு அப்பிடியே தேதி குறிச்சிடலாம்" என்றாராம். அடுத்த நிமிஷம் என் போன் அடித்தது.

"அப்பா, நான் பூச்சியக் கொல்றேன். அத நீங்க சொல்லியிருந்தா வேணாம்னு போயிருப்பாங்க, அவ்ளோதானே? இப்போ காலம்பூரா நான் விரட்டிக்கினே இருக்கணுமா?"

அதோடு வைத்துவிட்டாய்.

நேற்று உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். இது அதில்லை. அதில் ஒரு யோசனை சொல்லியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் மட்டும் தொட்டியில் தண்ணீர் ஊற்றாதே. விளக்கை ஏற்று, பூச்சி வந்து சுற்றிவிட்டுப் போகட்டும், அவர்கள் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போகட்டும், கார் கிளம்பியதும் தண்ணீரை ஊற்றிக்கொள். என்ன மூளை பார் உன் அப்பனுக்கு. உன் அம்மா அதைப் படித்துவிட்டு என்னிடமே நீட்டினாள். "கல்யாணத்துக்கு அப்பறமும் அவ தொட்டிய காலியாவே வச்சிக்கினு இருக்கணுமா? இல்ல மாமியா தூங்கினப்பறம் தண்ணி ஊத்தணுமா? அவளுக்கும் ஒரு ஏழுமலயத் தேடிக் குடுத்துடுங்க, பேசாம." இத்தனை வருஷத்தில் அந்தப் பெயரை அவள் என்மேல் எடுத்து வீசியது இதுதான் முதல் தடவை. கடிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

இன்று காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்க நீ போனை எடுக்க வேண்டுமே. அந்த அம்மாள் வாசலில் முறத்தில் கேப்பை புடைக்கத் தயாராகிக்கொண்டிருந்தார். புடைப்பதற்கு முன் தானியத்தைப் பரப்பி, ஊர்கிற வண்டை ஒவ்வொன்றாக ஒரு காகிதத்தில் ஏற்றி வேப்பமர நிழலில் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். எனக்கு மோர் கொடுத்துவிட்டு முறத்தை எடுத்தார். குடித்துவிட்டு, தம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு சொல்லிவிட்டேன்.

"நான் அன்னிக்கிச் சொன்னது தப்புங்கம்மா. விரட்டல. கொல்லுறா. வெளக்குக்கு அடியில சோப்புத் தண்ணி. விழுந்தா பொழைக்காது."

முறம் நின்றது. கோபப்படுவார், எழுந்து உள்ளே போய்விடுவார் என்று காத்திருந்தேன். சல்லடையைப் பற்றிச் சொன்னேன், சீக்கிரம் விளக்கைக் குளிரவைப்பதைப் பற்றிச் சொன்னேன், சாவு குறையணும் என்று நீ சொன்னதைச் சொன்னேன். என் மகளுக்காக நான் இவ்வளவு நேரம் உண்மையாகப் பேசியது அதுவே முதல் தடவையாக இருக்கும். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"செத்ததெல்லாம் என்னா பண்ணுது அந்தப் பொண்ணு?"

எனக்குத் தெரியவில்லை மகளே. புதைக்கிறாயா, மண்ணில் கொட்டுகிறாயா, கணக்குப் பார்த்து எறிகிறாயா, எதுவும் தெரியவில்லை. தெரியாது என்றேன்.

"நீங்க பாத்ததே இல்லியா?"

"பகல்ல போவேங்க. பொழுது சாஞ்சா அங்க நிக்கமாட்டேன்."

அவர் என்னை நேராகப் பார்த்தார். கடுமையாக இல்லை, அதுதான் தாங்கமுடியவில்லை. "பெத்தவரு நீங்க. நீங்களே பாக்காதத நான் எப்பிடிண்ணா வந்து பாக்கறது? மொதல்ல நீங்க போயி நின்னு பாத்துட்டு வாங்க. பாத்தத அப்பிடியே வந்து சொல்லுங்க. அப்பறம் நாங்க வர்றதா வேணாமான்னு பாக்கலாம்" என்றார். மறுபடியும் முறத்தை எடுத்துக்கொண்டார். வண்டியைக் கிளப்பும்போது இரண்டு தடவை நின்றுபோனது.

ஆகவே இந்தச் சம்பந்தம் இப்போது அந்தரத்தில் நிற்கிறது. நான் போய்க் கெடுத்தேனா, காப்பாற்றினேனா என்று எனக்கே தெரியவில்லை. தட்டிப்போனால் நீ அழுவாய். அந்தப் பாட்டு நின்றுபோகும். ஆனால் போய்ச் சொன்னதற்காக வருத்தமில்லை. எனக்கு உபதேசம் செய்யத் தெரியாது, தகுதியும் இல்லை. ஒன்றுமட்டும் கேட்டுக்கொள்கிறேன். புகுந்த வீடு இதுவோ வேறோ, உன் வேலைக்கு அழகான பெயர் யாராவது வைத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளாதே. அப்பன் வைத்தாலும்தான்.

நாளை சனிக்கிழமை. இங்கே சீக்கிரம் சாப்பிட்டுவிட்டு திண்டிவனம் பஸ் ஏறுகிறேன். விளக்கு ஏற்றும்போது உன் பக்கத்தில் நிற்பேன், குளிரவைக்கும்வரை நிற்பேன். பிறகு செத்ததை நீ என்ன செய்கிறாயோ அதையும் கூடவே இருந்து பார்ப்பேன். பேசவேண்டும் என்று கட்டாயமில்லை. பார்த்ததை ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த அம்மாளிடம் பார்த்தபடியே சொல்வேன். தெரிந்துவிட்ட பிறகு என் மனசு என்னவாகும் என்று பயமாகத்தான் இருக்கிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது உன் அம்மா பின்னாலிருந்து ஒன்று சொன்னாள். நான் பண்ணைக்கு வருகிறேன் என்று தெரிந்தால், அதற்கு முன் ஓடிப்போய்த் தொட்டிமேல் சாக்கைப் போட்டு மூடிவிடுவாயாம். "அப்பா பாத்தா தாங்கமாட்டாரும்மா" என்றாயாம். ஒவ்வொரு தடவையும் அந்தச் சாக்கைத் தாண்டித்தான் நான் நடந்திருக்கிறேன். உரம் வைத்திருக்கிறாய் என்று நினைத்தேன்.

நாளைக்கு மூடாதே.

உன் அப்பா